ஏடும் கல்லும்: படைப்பதிவுகள் காட்டும் குடும்ப வரலாறு

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து, மாலை சூட்டி வழிபட்டது பழந்தமிழர் மரபு. அம்மரபின் படிநிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் அதன் தொன்மைக்குச் சான்றாயின. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்கள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. ஆளும் அரசன், அவனது ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், வீரனின் பெயர், நிகழ்ந்த பூசல் ஆகியவற்றை அவை வரிசைப்படத் தருகின்றன. எடத்தனூர்க் கல்லொன்று, கள்வரை எதிர்த்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் மறவாமல் குறிக்கிறது.

ஆயினும் அக்கற்கள் கூறாதனவும் உண்டு. வீரனின் வயது என்ன, தாய் யார், அவன் முன்னேறும்போது பட்டானா, பின்னிடும்போது பட்டானா என்பவற்றைக் கல் சொல்வதில்லை. நட்டவர்கள் எதை நினைவில் நிறுத்த விரும்பினார்களோ அதையே அது சொல்லும். கல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, பிற்காலத்தில் கல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்ட படைப்பதிவேடுகளுக்கும் பொருந்தும். பட்டாளத்துக்குச் சென்ற பாட்டனாரின் வரலாற்றைத் தேடுவோர், அரசு முத்திரை இட்ட ஒரு தாளைக் கண்டவுடன் இதுவே முடிந்த உண்மை என்று கொள்வது இயல்பு. அத்தாளையும் ஒரு சாட்சியாக நிறுத்தி வினவ வேண்டும் என்பதைச் சில நிகழ்வுகள் வாயிலாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று வினாக்கள்

எந்தப் பதிவையும் எடைபோடுமுன் மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். எழுதியவர் யார்? நிகழ்ச்சிக்கு எவ்வளவு காலம் கழித்து எழுதினார்? எதற்காக எழுதினார்?

படையில் சேர்வோர் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள உயரம், மார்பளவு, உடலிலுள்ள தழும்பு ஆகியவை மருத்துவர் நேரில் கண்டு எழுதியவை. சேர்ந்த நாளும் இடமும் எழுத்தர் அன்றே குறித்தவை. இவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அதே தாளிலுள்ள பெயரும் வயதும் வந்தவர் வாய்மொழியாகக் கூறியவை. எழுத்தர் அவற்றைக் கேட்டார், எழுதினார், சரிபார்க்கவில்லை. ஆகவே ஒரே தாளில் ஒரு வரி உறுதியான சான்றாகவும், அடுத்த வரி வெறும் கூற்றாகவும் அமைவதுண்டு. ஏடு முழுவதும் மெய் என்றோ முழுவதும் பொய் என்றோ தீர்ப்பளிப்பது ஆய்வாகாது. வரிதோறும் எடைபோடுவதே ஆய்வு.

பதினான்கு வயதுக் கல்

1914இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது, பிரித்தானியப் படையில் சேர 18 வயதும் கடல்கடந்து போர்முனைக்குச் செல்ல 19 வயதும் வேண்டும் என்பது விதி. பிறப்புச் சான்று கேட்கப்படவில்லை. ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை உண்டு. எனவே சிறுவர் பலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். முதியோர் சிலர் குறைத்துச் சொன்னார்கள். வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்தோர் வேறு பெயர் சூடிக்கொண்டார்கள். படிவத்திலேயே ‘தோற்ற வயது’ என்றொரு கட்டம் இருந்ததை நோக்க, அதிகாரிகளுக்கும் ஐயம் இருந்தமை புலனாகும்.

பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகிலுள்ள போல்கப்பெல் கல்லறைத் தோட்டத்தில் ஜான் காண்டன் என்னும் ஐரிஷ் வீரரின் கல் உள்ளது. 1915 மே 24ஆம் நாள் உயிர்நீத்த அவருக்கு வயது 14 என்று அக்கல் கூறுகிறது. அப்போரில் மாண்ட மிக இளைய வீரர் என்று கருதிப் பல்லாண்டுகளாக மக்கள் அங்கே திரண்டு மலர் வைத்து வருகின்றனர். பின்னர் ஆய்வாளர் சிலர் அவரது சொந்த ஊரான வாட்டர்ஃபோர்டின் பிறப்புப் பதிவையும் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் ஒப்பிட்டனர். அவை அவரை 18 வயது நிரம்பியவராகக் காட்டின.

அதனோடு நிற்கவில்லை. அக்கல்லறையில் இருப்பவர் அவர்தாமா என்னும் வினாவும் எழுந்தது. உடலோடு கிடைத்த காலணித் துண்டில் 6322 என்னும் எண்ணும், படைப்பிரிவைக் குறிக்கும் ஆர்.ஐ.ஆர். என்னும் மூன்றெழுத்தும் இருந்தன. அவையே அடையாளத்துக்கு அடிப்படை. ஆனால் அம்மூன்றெழுத்து ‘ராயல் ஐரிஷ் ரெஜிமெண்ட்’ என்பதற்கும் பொருந்தும். ‘ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ்’ என்பதற்கும் பொருந்தும். அக்காலத்தில் வீரரின் எண் படை முழுவதற்கும் பொதுவானதன்று; ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே எண் வழங்கியது. ஆகவே ஒரே எண்ணை வெவ்வேறு பிரிவினர் பலர் தாங்கியிருக்கலாம். கல் இன்றளவும் மாற்றப்படாமல் நிற்கிறது.

இதனால் பெறப்படுவது யாது? போருக்குப் பின் கல்லறை ஆணையம் குறித்த வயதுகள் பெரும்பாலும் உறவினர் எழுதி அனுப்பியவை. துயரில் இருக்கும் குடும்பம் தவறாகச் சொல்லக்கூடும். அத்தவறு கல்லில் ஏறியபின் கல்லே சான்றாகிவிடும். பெயர், எண், பிரிவு என்னும் மூன்றும் சேர்ந்து பொருந்தினாலன்றி ஓர் ஏட்டிலுள்ளவரைத் தம் முன்னோர் என்று எவரும் துணிதல் கூடாது.

மகனைத் தேடிய எழுத்தாளர்

எழுத்துலகம் அறிந்த ஒருவரின் வாழ்விலேயே இச்சிக்கல் முழுவடிவில் நிகழ்ந்தது. நோபல் பரிசு பெற்ற ரட்யார்ட் கிப்ளிங் போரை ஆதரித்து முழங்கியவர். அவர் மகன் ஜான் கண்பார்வைக் குறைவினால் படையில் ஏற்கப்படவில்லை. தந்தை தம் நண்பரான ராபர்ட்ஸ் பிரபுவின் செல்வாக்கைக் கொண்டு அவரை ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்த்தார். 1915 செப்டம்பர் 27ஆம் நாள், பிரான்சில் நிகழ்ந்த லூஸ் போரில் ஜான் காணாமற்போனார். அவர் 18 வயதை நிறைவு செய்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

காயமுற்றுக் காணாமற்போனார் என்பதே அதிகாரச் செய்தி. பெற்றோர் அதனோடு அமையவில்லை. போர்முனையிலிருந்து மீண்ட வீரர் பலரைத் தேடிக் கண்டு வினவினர். கிப்ளிங்கின் நண்பரான நாவலாசிரியர் ரைடர் ஹாகர்டும் விசாரித்தார். வாயில் கொடிய காயத்துடன் வலியால் அழுதுகொண்டிருந்த இளம் அதிகாரியைக் கண்டதாக ஒரு வீரர் அவரிடம் கூறினார். ஹாகர்ட் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார், நண்பரிடம் சொல்லவில்லை. தந்தை பெற்ற சான்றுகளைவிட நெருங்கிய ஒரு சான்று, அன்பின் காரணமாகவே அவரிடமிருந்து மறைக்கப்பட்டது. தனி நாட்குறிப்பு அரசு ஏட்டைவிட வெளிப்படையாகப் பேசக்கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அதேவேளையில், அவ்வீரர் கண்ட அதிகாரி ஜான்தான் என்பதற்கு அவர் கூற்றன்றி வேறு உறுதி இல்லை என்பதையும் மறக்கலாகாது.

1917இல் பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. கிப்ளிங் அதன் இலக்கிய ஆலோசகரானார். அடையாளம் தெரியாதோர் கல்லறையில் பொறிக்கப்பெறும், இவரை இறைவன் அறிவான் என்னும் பொருள்தரும் தொடரை அளித்தவர் அவரே. ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவின் வரலாற்றையும் இரண்டு தொகுதிகளாக எழுதி 1923இல் வெளியிட்டார். அந்நெடிய நூலில் மகனின் முடிவைப் பிறருடைய முடிவோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லிச் செல்கிறார். மகனின் கல்லறையை அறியாமலேயே 1936இல் மறைந்தார்.

தந்தை இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின், 1992இல் ஆணையம் அக்கல்லறையைக் கண்டறிந்ததாக அறிவித்தது. எய்ன் என்னும் ஊரிலுள்ள தூய மேரி கல்லறைத் தோட்டத்தில் ‘ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவர்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட கல்லறை ஒன்று இருந்தது. அவ்வுடல் 1919இல் எடுக்கப்பட்டது. எடுத்த இடமாக ஏட்டில் குறிக்கப்பட்டிருந்த நிலப்படக் கட்டத்தில் அப்பிரிவு போரிடவேயில்லை. எனவே அவர் யாரென்று துணிய இயலாதிருந்தது. அக்கட்டத்தின் பெயரில் எச் என்று எழுத வேண்டிய இடத்தில் ஜி என்று எழுத்தர் எழுதிவிட்டார் எனக் கொண்டால், இடம் லூஸ் போர்க்களத்தில் அப்பிரிவு தாக்கிய பகுதியோடு பொருந்திவிடுகிறது. ஓரெழுத்துப் பிழை உடலை மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு ஆய்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு மெய்யெழுத்து மாற, ஒரு செய்யுளின் பொருளே மாறுவதை அவர்கள் அறிவார்கள்.

இம்முடிவும் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. டோனி, வால்மாய் ஹோல்ட் இணையர் 1998இல் வெளியிட்ட நூலில் வலுவான தடை ஒன்றை எழுப்பினர். கல்லறையில் இருப்பவர் லெப்டினன்ட். அவர் தோளில் இரண்டு விண்மீன்கள். ஜானோ இறந்தபோது இரண்டாம் லெப்டினன்ட். ஒரு விண்மீன் உடையவர். அவரது பதவி உயர்வு அரசிதழில் வெளியானது அவர் மறைந்த பிறகே. முன்தேதியிட்டு அது வழங்கப்பட்டது. தந்தையின் நூலே அவரை இரண்டாம் லெப்டினன்ட் என்றுதான் குறிக்கிறது. இறந்தவர் இன்னும் பெறாத விண்மீனை எவ்வாறு அணிந்திருக்க முடியும் என்பது அவர்களின் வினா. 2016இல் கிரகாம் பார்க்கர், ஜோனா லெக் என்னும் ஆய்வாளர் இருவர் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து, ஆணையத்தின் அடையாளம் சரியே என்று முடிவுசெய்தனர்.

இங்கே கருதத்தக்கது, யார் வென்றார் என்பதன்று. அரசிதழின் நாள் அரசிதழுக்குரிய நாள். களத்தில் ஒருவர் சின்னம் அணிந்த நாள் வேறாக இருக்கலாம். முன்தேதியிட்ட ஆணை, நிகழ்ச்சியின் நாளைக் காட்டாமல் அலுவலகத்தின் விருப்பத்தைக் காட்டக்கூடும். இரு சான்றுகள் முரண்படும்போது ஒன்றைப் பொய் என்று தள்ளுமுன், இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

கவிதை சான்றாகுமா?

‘மை பாய் ஜாக்’ என்னும் கிப்ளிங்கின் கவிதை 1916இல் வெளிவந்தது. மகனைப் பற்றிச் செய்தி உண்டா என்று ஏங்கும் பெற்றோரின் குரல் அது. மகன் ஜானை எண்ணி அவர் பாடியது என்றே பலரும் கொள்கின்றனர். பிற்காலத்து நாடகமும் திரைப்படமும் அக்கருத்தை நிலைநாட்டின. ஆனால் அக்கவிதை முதலில் தோன்றியது ஜட்லாந்துக் கடற்போர் பற்றிய கட்டுரைகளோடு. ஜாக் என்பது ஆங்கிலத்தில் கப்பலோட்டிகளுக்கு வழங்கும் பொதுப்பெயர். அக்கடற்போரில் 16 வயதில் மாண்டு நாடறிந்த சிறுவன் ஜாக் கார்ன்வெல்லின் பெயரும் அதுவே.

அவ்வாறாயின் அக்கவிதை ஜானைப் பற்றியதன்று என்று தள்ளிவிடலாமா? அதுவும் மிகை. ஓராண்டுக்கு முன் மகனை இழந்த ஒருவர் பிறர் மகனைப் பாடும்போது தம் மகனை மறந்து பாடியிருக்க இயலாது. கவிதை அவர் துயருக்குச் சான்று. ஜானின் வாழ்க்கை நிகழ்ச்சிக்குச் சான்றன்று. இந்த வேறுபாட்டைப் புலவர்கள் எளிதில் உணர்வார்கள். மெய்க்கீர்த்தியிலும் பரணியிலும் வரலாறு தேடுவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறியும் இதுவே.

எரிந்த ஏடுகள்

சில வேளைகளில் ஏடு பிழையாகப் பேசுவதில்லை. பேசவே பேசாமல் நின்றுவிடுகிறது. 1940 செப்டம்பரில் இலண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, முதல் உலகப்போர் வீரர்களின் பணிப்பதிவுகள் இருந்த போர் அலுவலகக் களஞ்சியம் தீப்பற்றியது. பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. எஞ்சியவை ஓரம் கருகி, நீரில் ஊறி, ‘எரிந்த ஆவணங்கள்’ என்னும் பெயரோடு வாழ்கின்றன. அமெரிக்காவில் 1973 ஜூலை 12ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரின் படைப்பணியாளர் ஆவணக் களஞ்சியத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் பதிவுகளில் 80 விழுக்காடு போயிற்று. அவற்றுக்குப் படியோ நுண்படமோ இல்லை.

ஆகவே ஏட்டில் பெயர் இல்லை என்பதனால் அவர் படைக்கே செல்லவில்லை என்று கூறுவது பிழை. இன்னொரு நுட்பமும் உண்டு. இலண்டன் தீக்குத் தப்பியவற்றுள் ஒரு பகுதி, ஓய்வூதியத் துறையிடம் இருந்த காரணத்தால் பிழைத்தவை. நோயுற்றோ காயமுற்றோ விலகியவர்களின் தாள்கள் அவற்றில் மிகுதி. அவற்றை மட்டும் கண்டு, அக்காலப் படை நோயாளிகளால் நிறைந்திருந்தது என்று எழுதுவோர், எஞ்சியதை முழுமை என்று மயங்குபவராவர்.

பாளையங்கோட்டையின் பெயர் தாங்கியவர்கள்

தமிழகத்துக் குடும்பங்களுக்கும் இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட இந்தியப் படையில், 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை இருந்தது. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட அப்படை, தன்னினும் மிகச் சிறிய ஜெர்மானியப் படையிடம் தோற்றுக் கப்பலேறியது. நிலைகுலைந்த பிரிவுகளுள் பாளையங்கோட்டைப் பிரிவும் ஒன்று என ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகள் எழுதின. மரக்கூடுகளிலிருந்து கலைந்த தேனீக்கள் வீரர்களைக் கொட்டின. அது ஜெர்மானியர் திட்டமிட்டு ஏவியது என்னும் வதந்தியும் பரவியது.

இப்பிரிவில் பணியாற்றிய ஒருவரின் பெயரன் அவ்வறிக்கையைப் படித்தால் தலைகுனிய நேரிடும். ஆனால் மூன்று வினாக்களையும் இங்கும் எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுதியவர்கள் தோற்ற படையின் தலைவர்கள். எழுதிய காலம், தோல்விக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம். நெடுநாள் நெரிசல்மிக்க கடற்பயணம், கரையிறங்கும் பயிற்சியின்மை, பகைவர் வலிமையை முன்கூட்டி அறியாமை ஆகிய குறைகள் வீரர்களுடையவை அல்ல. இவற்றுக்கு மேலாக, தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்னும் கோட்பாடு அதிகாரிகளிடையே முன்னரே வேரூன்றியிருந்தது. அதனை வற்புறுத்தியவருள் தலையாயவர், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு. கண்பார்வை குறைந்த கிப்ளிங்கின் மகனுக்குப் படையில் இடம் வாங்கித் தந்தவரும் அவரே. அறிக்கை எழுதப்படுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது எனலாம். பிரிவு நிலைகுலைந்தது என்னும் செய்தியை மறைக்க வேண்டுவதில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை அப்படியே ஏற்கவும் வேண்டுவதில்லை.

பெயரிலும் எச்சரிக்கை தேவை. பாளையங்கோட்டைப் பிரிவு என்பதால் அதில் இருந்தோர் அனைவரும் நெல்லைச் சீமையினர் என்று கொள்ளலாகாது. பிரிவின் பெயர் அதன் பழைய வரலாற்றைச் சுட்டுவது. தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தர் செவியில் பட்டவாறு எழுதினர். தந்தை பெயரை வீரர் பெயராகவும், சாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராகவும் கொண்டனர். முனுசாமிகளும் இராமசாமிகளும் ஒரே ஏட்டில் பலராக நிற்பர். தந்தை பெயர், ஊர், எண் என்பவை சேர்ந்தாலன்றி ஒருவரைப் பிரித்தறிய முடியாது. வீட்டில் வழங்கும் வாய்மொழி இங்கே பெருந்துணை செய்யும். பாட்டி சொன்ன ஆண்டு தவறலாம். ‘அவர் போனபோது உன் தாத்தா கைக்குழந்தை’ என்று அவர் சொன்ன குறிப்புத் தவறுவது அரிது.

பெயரற்றோர்

தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றில் 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று பொறித்த கற்பலகைகள் இன்றும் உள்ளன. எண் உண்டு, பெயர் இல்லை. 2021இல் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அமைத்த குழு, தன் முன்னோடிகள் செய்த பிழையை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தோராக, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அது மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பலர் சுமைதூக்கிச் சென்ற தொழிலாளர்கள்.

அவர்களுக்காக நைரோபி முதலிய நகரங்களில் சிலைகள் உண்டு. நாட்டுக்காகப் போரிட்டு இறந்தாலும் உங்கள் மைந்தர் உங்கள் பெயரை நினைவிற் கொள்வர் என்னும் கருத்தமைந்த வாசகம் அவற்றின் கீழ் உள்ளது. அதனை எழுதியவர் கிப்ளிங். பெயரை நினைப்பார்கள் என்று கூறும் அக்கல்லில் ஒரு பெயரும் இல்லை. தம் ஒரே மகனின் பெயரைத் தாங்கும் ஒரு கல்லுக்காக ஏங்கியவர் எழுதிய வாசகம் அது என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவது.

ஆகவே குடும்ப வரலாறு தேடுவோரின் கடமை இரண்டு. எழுதப்பட்டதை ஐயத்தோடு அணுகுதல் ஒன்று. எழுதாமல் விடப்பட்டதைத் தேடிச் சேர்த்தல் மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்பவர் ஏட்டைக் குறைகூறுபவராக நின்றுவிடுவார். இரண்டாவதை மட்டும் செய்பவர் புனைவில் இறங்கிவிடுவார். வீட்டிலுள்ள முதியோர் நினைவையும், பெட்டியடியில் கிடக்கும் பதக்கத்தையும், அஞ்சலட்டையையும் அரசு ஏட்டோடு ஒப்பிட்டு, பொருந்துவதையும் பொருந்தாததையும் ஒருங்கே எழுதிவைத்தல் வேண்டும். பல்லவர் காலத்துச் சிற்றூரார், தம் ஊரைக் காத்த நாய்க்கும் பெயர் சொல்லிக் கல் நட்டனர். அம்மரபில் வந்தவர்கள், கடல்கடந்து சென்று திரும்பாத தம் பாட்டனாரின் பெயரைப் பிழையின்றி ஒருமுறையேனும் எழுதிவைத்தல் தகும்.